விக்டர் தங்கம்

விண்ணப்பத்தில் பதினோராவது கட்டம்
படகு எதற்கு என்று கேட்டிருந்தது.
மீன்பிடி, சரக்கு, பயணிகள், உல்லாசம்.
பொருந்துவதில் ஒரு டிக்.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டு செராக்ஸ் கடைப் பையன்
அந்த டிக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.
பல் பிடுங்குகிறவனுக்கு உல்லாசமா என்று
கேட்கவில்லை. ஸ்டேப்ளர் அடித்தான்.

பதினேழு அடி. ஒரே பாய்.
கொச்சியில் யாரோ சலித்துப்போய் விற்றது.
லாரியிலிருந்து உவரிக் கரையில் இறக்கிய அன்று
சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்கள்.
"வலைய எங்க வைப்பீரு?"
வலை இல்லை.
"பொறவு?"

அப்புறம்தான் தெரிந்தது,
ரேடியோவுக்கு ஒரு உரிமம்,
அதில் பேசுகிற வாய்க்குத் தனியாக ஒன்று.
இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்னவன்
என் வாய்க்குப் பரீட்சை எழுதினேன்.
உயிருக்கு ஆபத்தென்றால் மூன்று தடவை சொல்லும் சொல்லை
மற்ற நேரத்தில் ஒரு தடவைகூடச் சொல்லக் கூடாது.
வெட்கத்துக்கு என்ன சொல்வதென்று
பாடத்தில் இல்லை.

எட்டு மாதம் கழித்து ஸ்பீட் போஸ்டில் வந்தது பெயர்.
நான்கு எழுத்து.
எந்தக் கடலிலும் இன்னொரு படகுக்குக் கிடையாது.
உவரியில் அது பெரிய விஷயம்.
இங்கே காற்றில் "அந்தோணியாரே" என்று கூப்பிட்டால்
முப்பது படகு "சொல்லு" என்னும்.
பிறகு இருமலை வைத்து, எஞ்சின் சத்தத்தை வைத்து
யார் மாமன் யார் மச்சான் என்று
பிரித்துக்கொள்வார்கள்.

சாத்திய கிளினிக்கில் சுவரைப் பார்த்துப் பழகினேன்.
விக்டர். டாங்கோ. கெபெக். மைக்.
இடுக்கிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த பூலம்மாள்
"யாரு சார் விக்டரு, பாக்கி தரலியா?" என்றாள்.

எனக்கு லீவு ஞாயிறு. அவர்களுக்கும் ஞாயிறு.
பூசை முடிந்து கறிக்கடைக்குப் போவார்கள்,
கடல் காலியாகக் கிடக்கும்.
ஆறு ஞாயிறு அதன் நடுவில் நின்று
என் பெயரைச் சொல்லி, "கேட்கிறதா, ஓவர்" என்றேன்.
பட்டனை விட்டால்
சட்டியில் உப்பு பொரிகிற இரைச்சல்.

காந்தி ஜெயந்தி வியாழக்கிழமை வந்தது.
பாய்க்கயிறு உச்சிக் கப்பியில் மாட்டிக்கொண்டது.
கச்சான் அவசரமில்லாமல் என்னை வெளியே தள்ள
கப்பல் மாதா கோயில்
கடைவாய்ப் பல் அளவு ஆயிற்று.
சாகிற நிலை இல்லை. தாகம்தான்.
அந்த மூன்று தடவைச் சொல்லைத் தொடவில்லை.
நான்கெழுத்தை எடுத்தேன்.

"யாருவே அது, விக்டரா?"
"விக்டர் டாங்கோ..."
"எந்த விக்டரு? தங்கம் மவனா?"
"கெபெக்..."
"எந்தக் கெபிக்கு நேர?"
"மைக்."
"மைக்கு நல்லாத்தாம்வே கேக்கு. எடத்தச் சொல்லும்."

டிகிரியில் சொல்லத்தான் படித்திருந்தேன்.
கோயில் எந்தத் தோளுக்கு மேல் தெரிகிறதென்று சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் ஒரு அந்தோணியார் வந்தார்,
அணியத்தில் நீல எழுத்து.
துண்டை முகத்தில் சுற்றியிருந்தவர் கயிறு வீசினார்.
டீசலுக்குக் காசு வாங்கவில்லை.
"இம்புட்டு தூரம் எதுக்கு வந்தீரு?"
டிக் அடித்த சொல் நாக்கில் ஏறவில்லை.

போன வாரம் டோக்கன் பதினாலு.
கஸ்பார் மொராயிஸ், உவரி,
கீழ் வலப்பக்கக் கடைவாய்.
ஊசி போட்டுவிட்டு
மரத்துவிட்டதா என்று கேட்டேன்.
குரலுக்கு அவர் கண் விரிந்தது.
பஞ்சும் கண்ணாடியும் அடைத்த வாயிலிருந்து
"இக்கரு" என்று ஏதோ வந்தது.

கையிலிருந்ததை எல்லாம் வெளியே எடுத்தேன்.
"சொல்லுங்க" என்றேன்.
பிறகு, பூலம்மாள் பார்த்துக்கொண்டிருக்கவே,
"ஓவர்."